வடிகால் தண்ணீர் வீட்டுக்குள் ரிட்டர்ன் அடிக்காமல் தடுப்பது எப்படி?

சென்னையில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தனித்தனி. ஆனால் மொட்டை மாடிக் குழாயைச் சாக்கடைச் சேம்பரில் இணைத்துவிடும் வீடுகள் ஏராளம். தெருவில் தேங்கும் நீரும் மேன்ஹோல் மூடி வழியாக இறங்குகிறது. வீட்டுக் கழிவுநீருக்காகப் போட்ட குழாய் இதைத் தாங்காது. மழைநீர் வடிகாலின் பாடு வேறு. அடையாறோ கூவமோ நிரம்பி ஓடும்போது நீர் இறங்க இடமில்லாமல் வடிகால் நின்றுவிடும், பிறகு பின்னோக்கி ஏறும். அதனால் வருவது எந்த நீர் என்று முதலில் பாருங்கள். பாத்ரூம் நஹானி டிராப்பில் (தரையில் நீர் இறங்கும் ஜாலி வாய்) கறுத்து நாறி வந்தால் சாக்கடை. முற்றத்து மழைநீர்க் குழாய் வழியாகச் சேறும் சருகுமாக வந்தால் வடிகால்.

நிரம்பிய குழாயிலிருந்து நீர் மிகத் தாழ்வான வாய் வழியாகத்தான் வெளியேறும். பழைய தாரைச் சுரண்டாமல் சாலைமேல் சாலை போட்டு உயர்ந்த தெருக்களில், அந்த வாய் பெரும்பாலும் உங்கள் பாத்ரூம் தரையாகவே இருக்கும். கொத்தனாரின் ட்யூப் லெவலை வைத்து மழைக்கு முன்பே அளந்துவிடலாம். குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் மூடியருகிலும் மறுமுனையை பாத்ரூம் தரையருகிலும் பிடியுங்கள். இரு முனையிலும் நீர்மட்டம் சமமாக நிற்கும். அங்கிருந்து கீழே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பாத்ரூம் தரை தாழ்ந்திருந்தால் ஆபத்து உறுதி.

நிலையான தீர்வு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது நீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும் கதவு. வீட்டின் கடைசி சேம்பரில், தெரு இணைப்புக்குச் சற்று முன், குழாய் அளவுக்கேற்ப (பெரும்பாலும் 110 அல்லது 160 மி.மீ.) பொருத்த வேண்டும். அம்புக்குறி தெருவைப் பார்க்க வேண்டும், கீல் மேல்பக்கம் இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள், கை நுழைத்துக் கழுவ வழி வேண்டும். ஒரு ஷாம்பூ பாக்கெட் சிக்கினாலே கதவு முழுதாக மூடாது. புரட்டாசியில் ஒருமுறை திறந்து ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள்.

வால்வு போட்டவர்கள் பலர் மறக்கும் விஷயம் இதுதான்: தெரு நீரை மூடிய கதவு உங்கள் நீரையும் வெளியே விடாது. மொட்டை மாடிக் குழாய் வால்வுக்கு உட்புறம் சேர்ந்திருந்தால், உங்கள் மழையே உங்களை மூழ்கடிக்கும். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. பெய்தால் சுமார் 6,700 லிட்டர். மாடி நீரை முதலில் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்புங்கள். மிச்சத்துக்கு, முற்றத்தின் தாழ்ந்த மூலையில் சிறு குழி வெட்டி, மிதவை சுவிட்ச் உள்ள மட் பம்ப் (சேற்று நீரை இறைக்கும் பம்ப்) வையுங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 150 லிட்டராவது தள்ள வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது உயரமே இல்லாதபோதுள்ள அளவு. அதை நம்பி வாங்காதீர்கள். ஹோஸின் முனை தெரு வெள்ளத்துக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால், பம்ப் நின்றதும் தெரு நீர் அதே ஹோஸில் உள்ளே இழுபடும்.

வால்வு இல்லை, மழையோ தொடங்கிவிட்டது என்றால் நஹானி டிராப்பின் ஜாலியைக் கழற்றி, திருகினால் விரியும் ரப்பர் அடைப்பானைப் பொருத்துங்கள். ஹார்டுவேர் கடையில் குழாய் அளவைச் சொல்லிக் கேளுங்கள். வெறும் செங்கல் நிற்காது: தெருவில் நீர் இரண்டடி ஏறினால் 4 அங்குல வாயை சுமார் 5 கிலோ எடையளவுக்கு உந்தும், விளிம்பில் கசிந்தால் இன்னும் கூடும். டாய்லெட் குழிக்குள் தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, அதன்மேல் 15 - 20 கிலோ மணல் மூட்டை வையுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் மேல்தளத்தார் ஃபிளஷ், வாஷிங் மெஷின் எதையும் நீர் வடியும்வரை பயன்படுத்தக் கூடாது. கீழ்வீட்டார் அடைத்த பிறகு மேலிருந்து விடும் நீர், கீழே எந்த இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியே பீறிடும். மாடிப்படி ஏறிப் போய் ஒவ்வொரு வீட்டிலும் நேரில் சொல்லிவிடுங்கள்.

நீர் பிளக் பாயிண்டை நெருங்கும் முன் மெயினை அணையுங்கள். மெயின் போர்டே நீரில் நின்றால் தொடாமல் மின்வாரியத்தை அழையுங்கள். தெரு மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவது கொலைக்குச் சமம். வெள்ளத்தில் அந்தக் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. அடைப்பெடுக்க எவரையும் உள்ளே இறக்கவும் கூடாது. விஷவாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடை செய்கிறது. வடிகால் புகாருக்கு மாநகராட்சியின் 1913, சாக்கடைக்குக் குடிநீர் வாரியத்தின் 1916.

வடிந்த பின் சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) கவனியுங்கள். மூடி நீரில் மூழ்கியிருந்தால் உள்ளே சாக்கடை கலந்ததாகவே கொள்ள வேண்டும். மோட்டாரைப் போட்டு அதை மேல் தொட்டிக்கு ஏற்றிவிடாதீர்கள். முழுக்க இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி 12 மணி நேரம் விடுங்கள். பிறகு அதையும் வெளியேற்றுங்கள். செடிகளுக்கு விட்டால் கருகிவிடும்.