தறி வேலைக்கு நடுவே டெஸ்ட் பார்ப்பது எப்படி

சோமனூரில் எங்கள் விசைத்தறிக்கூடத்துக்கு வரும் தம்பிகள் இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தை ஒரு பந்து விடாமல் பார்ப்பார்கள். டெஸ்ட் என்றால், "ஐந்து நாள் யார் உட்காருவது அண்ணா?" என்பார்கள். ஐந்து நாளும் உட்கார வேண்டாம். எந்த நேரத்தில் தறியை விட்டு வர வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இந்தியாவில் ஆட்டம் என்றால் பெரும்பாலும் காலை 9.30-க்குத் தொடங்கும். இங்கிலாந்தில் என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. ஒரு நாளைக்கு 90 ஓவர். உணவுக்கும் தேநீருக்கும் இடைவேளை. ஷிப்டுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பந்து புதிது, ஆடுகளத்தில் ஈரமும் இருக்கலாம். அப்போது ரன்னைப் பார்க்காமல் ஸ்லிப்பை, அதாவது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்பவர்களைப் பாருங்கள். மூன்று பேர் நின்ற இடத்தில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், கேப்டன் விக்கெட் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு ரன்னைத் தடுக்க இறங்கிவிட்டார் என்று பொருள். மட்டையாளரைச் சுற்றி ஆட்கள் நெருங்கினால் சுழல் எடுபடத் தொடங்கிவிட்டது. ஸ்கோர் பலகை இதைச் சொல்லாது. அடுத்தது 80-ஆவது ஓவர். அது முடிந்ததும் பந்துவீசும் அணி புதுப் பந்து கேட்கலாம். 78 என்று கண்டதும் தறியைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

பழகிப் பார்க்க, 2021-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா ஆடிய பிரிஸ்பேன் டெஸ்டின் ஐந்தாம் நாள் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்த ஆட்டம் அது. வெற்றி இலக்கு 328. எல்லோரும் ரிஷப் பந்தின் ஆட்டமிழக்காத 89 ரன்னைத்தான் பேசுகிறார்கள். நீங்கள் புஜாராவிலிருந்து தொடங்குங்கள். 211 பந்துகள், 56 ரன். உடம்பெல்லாம் அடி வாங்கியும் நகரவில்லை. எதிரே வீசியவர்கள் ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன். தொடரின் நான்கு டெஸ்டிலும் வீசிய அதே நால்வர். அவர்களைக் களைக்க வைத்த அந்தப் பொறுமையை நான் எந்தச் சிக்சருக்கும் மேலாக மதிக்கிறேன். புதுப் பந்து வந்ததுமே கம்மின்ஸ் அவரை எல்பிடபிள்யூ ஆக்கிவிட்டார். அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, எத்தனை ரன் பாக்கி, எத்தனை ஓவர் பாக்கி என்று கணக்குப் போடுங்கள். ரிஷப் பந்தின் ஆட்டத்தை அதற்குப் பிறகு ஓடவிடுங்கள்.