பிரெஞ்சா, சீனமா? பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

இந்த இரண்டில் எது எளிது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் போட்டு வைத்திருக்கும் கணக்கு. பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம், மாண்டரின் சீனத்துக்கு 88 வாரம், அதாவது 2,200 மணி நேர வகுப்பு. பார்த்ததும் பாதிப் பேர் சீனத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அது ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கான கணக்கு. வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கு அது அப்படியே பொருந்தாது, சில இடங்களில் தலைகீழாகவே இருக்கும்.

முதலில் சீன இலக்கணம். "நான் வாங்கிய புத்தகம்" என்பதை அவர்கள் "வோ மாய் த ஷூ" என்பார்கள்: நான், வாங்கு, பிறகு நம் 'இய' செய்கிற வேலையைச் செய்யும் ஒரு 'த', கடைசியில் புத்தகம். பிரெஞ்சில் புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் வாலில்தான் நான் வாங்கியதைத் தொங்கவிட வேண்டும். சீனத்தில் கேள்வி கேட்பதும் தமிழ் போலத்தான், வாக்கியத்தை அப்படியே வைத்துக் கடைசியில் ஒரு 'மா' சேர்த்தால் போதும், நாம் 'ஆ' சேர்ப்பது போல. அண்ணனுக்குக் கெகெ, தம்பிக்குத் தீதி, அக்காவுக்கு ஜியெஜியெ, தங்கைக்கு மெய்மெய் என்று நான்கு சொல் தனித்தனியாக இருக்கிறது. பிரெஞ்சிலோ சகோதரன், சகோதரி என்பதோடு சரி. வடசீனப் பேச்சில் 'நாம்', 'நாங்கள்' வேறுபாடுகூட உண்டு. ஒரு கட்டு கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ என்று எண்ணிப் பழகியவருக்கு, புத்தகத்துக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று என்று அவர்கள் போடும் அளவுச் சொற்கள் புதிதல்ல, கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வினைச்சொல் யாருக்காகவும் எந்தக் காலத்துக்காகவும் மாறாது.

இவ்வளவு சொன்னதால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்.

மாய் என்றால் வாங்கு. மாய் என்றால் விற்பதும்தான். குரலைத் தாழ்த்தி இழுத்தால் வாங்குவது, மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. இப்படி நான்கு தொனி, எடுப்பே இல்லாத ஒன்று தனி. நாம் கோபம், சந்தேகம், ஆச்சரியம் எல்லாவற்றுக்கும் குரலை ஏற்றி இறக்கிப் பேசுகிறவர்கள், ஆனால் அங்கே ஏற்ற இறக்கம் சொல்லுக்குச் சொந்தம். இன்னொரு கண்ணி மூச்சு. வல்லொலிக்குப் பின் மூச்சு விட்டால் ஒரு பொருள், விடாவிட்டால் வேறு. "வோ பாவ் லெ" என்பதை நம் 'பல்'லில் வரும் 'ப' வைத்துச் சொன்னால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள்; அதே தொனியில் 'ப'வோடு மூச்சைத் தள்ளிச் சொன்னால் நான் ஓடிவிட்டேன் என்றாகும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் தமிழில் உச்சரிப்பு எழுதிப் பழகாதீர்கள், முதல் நாளிலிருந்தே பின்யின் எனும் ரோமன் எழுத்துமுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். (அதில் இசட்-எச் வந்தால் 'ழ' என்று படிக்கக் கூடாது! நம் ழகரத்துக்குக் கிட்ட வருவது அவர்களுடைய 'ஆர்'.)

அப்புறம் எழுத்து. மரம் என்ற எழுத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் காடு என்று காட்டுவார்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்படிப் படம்போல விளங்கும் எழுத்துகள் கொஞ்சம்தான். 1988-இல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 3,500 எழுத்து. அதில் 2,500-ஐ அடிக்கடி வருபவை என்று பிரித்திருக்கிறார்கள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. 88 வாரத்தில் பெரும் பங்கு இங்கேதான் போகிறது, அது தமிழருக்கும் குறையாது.

பிரெஞ்சுக்கு வருவோம். ஒலி பற்றிப் பயப்பட வேண்டாம். 'பணம்', 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி 'ம்' உதட்டை மூடாமல் மூக்கில் கரைகிறதல்லவா, அவர்களின் மூக்கொலிகள் அந்தக் குடும்பம்தான். அவர்களுடைய 'டி' எழுத்து நம் 'த' மாதிரி பல்லைத் தொடும். வினை மாறுவதும் நமக்குப் பூச்சாண்டி அல்ல, வந்தேன் வந்தாய் வந்தான் என்று பேசுகிறவர்கள் நாம். அதிலும் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் நான்கும் காதில் 'பார்ல்'தான், எழுதும்போது மட்டும் வால் மாறும். சிக்கல் அங்கேதான். பச்சை, கண்ணாடிக் குவளை, புழு எல்லாம் 'வேர்' என்றே கேட்கும், எழுத்து வேறு வேறு. பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் பலர் தாளில் நன்றாக எழுதுவார்கள், ஆனால் எதிரே ஒருவர் பேசினால் ஒரு சொல்லும் பிடிபடாது.

மேசை பெண், புத்தகம் ஆண் என்பதுதான் நமக்குப் பெரிய எரிச்சல், ஏனென்றால் தமிழில் அஃறிணைக்குப் பால் பிரிப்பு இப்படி இல்லை. காரணம் தேடாதீர்கள். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் முன்னால் 'லு', 'லா' அல்லது 'அன்', 'யூன்' சேர்த்தே படியுங்கள். எண்ணும் ஒரு கூத்து: 70 என்பதற்கு அறுபது-பத்து, 80-க்கு நான்கு-இருபது, 90-க்கு நான்கு-இருபது-பத்து. சீனத்தில் 20 என்பது இரண்டு-பத்து, நம் இருபது போலவே.

சரி, எப்படித் தீர்மானிப்பது? ஒரு மாதம் ஒதுக்குங்கள், காசு செலவில்லாமல். முதல் இரண்டு வாரம் சீனம், நாளுக்கு அரை மணி. முதல் வாரம் தொனி மட்டும்: ஒலிப்பதிவைக் கேட்டு எந்தத் தொனி என்று எழுதிச் சரிபாருங்கள், நீங்கள் சொல்வதையும் போனில் பதிந்து கேளுங்கள். இரண்டாம் வாரம் முப்பது எழுத்தைக் கையால் எழுதிப் படித்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் எழுதுங்கள். எத்தனை நினைவிருக்கிறது என்பதைவிட, மறந்தவற்றைத் திரும்ப எழுத உட்காரத் தோன்றுகிறதா என்று பாருங்கள், அலுப்பாக இருந்தால் சீனம் உங்களுக்கு இப்போது வேண்டாம். அகராதிக்கு பிளெக்கோ செயலி போதும். அடுத்த இரண்டு வாரம் பிரெஞ்சு: பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியை முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பத்து நாளில் கொஞ்சமாவது குறைகிறதா?

தேவையையும் சேர்த்து எடை போடுங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தைவான் நிறுவனங்களோடு வேலை, அல்லது சிங்கப்பூர், மலேசியாவில் வாழ்க்கை என்றால் சீனம் தினமும் காதில் விழும், அதுவே பாதி வாத்தியார். தைவானில் பழைய எழுத்து வடிவம், சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிதாக்கப்பட்ட வடிவம், எது வேண்டுமென்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்குள் பயன் தெரிய வேண்டும் என்றாலோ, பாரிஸ், மான்ட்ரியல் சொந்தங்களிடம் போகும் எண்ணம் இருந்தாலோ பிரெஞ்சுதான், யோசிக்கவே வேண்டாம். ஆங்கிலம் தெரிந்திருப்பதால் பிரெஞ்சுச் சொற்களில் நிறைய இனாமாகக் கிடைத்துவிடும்.

கனடா குடியேற்றத்துக்காகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனும், புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறையில் நல்ல பிரெஞ்சுக்கு 50 வரை கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் பிரான்ஸ் அரசு தரும் டெல்ஃப் எனும் பிரெஞ்சுத் தேர்ச்சிச் சான்றிதழ் அங்கே செல்லாது, டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எனும் தேர்வை எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் டெல்ஃபுக்காக ஒரு வருடம் படித்துத் தேறிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார், பயிற்சி மையத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தேர்வுகளின் முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், அதனால் விண்ணப்பம் போடும் காலத்தை ஒட்டியே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.