குரோன் நோயோடு வரும் முதுகுவலி, மூட்டுவலி: எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கையாள்வது

குரோன் என்பது குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் நோய். குடலுக்கு வெளியே அது அதிகமாகத் தொந்தரவு கொடுக்கும் இடம் மூட்டுகள்தான். ஆனால் வயிற்றுப்போக்குக்கும் விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. அதனால் குடலுக்கு ஒரு மருத்துவர், முதுகுக்கு இன்னொருவர் என்று தனித்தனியாகப் போகிறார்கள். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. முதுகுக்காகக் கொடுத்த மாத்திரை குடலைக் கிளப்பிவிடுவதும், குடலுக்காக மாற்றிய ஊசியால் மூட்டு வீங்குவதும் இப்படித்தான் நடக்கிறது. இரண்டையும் ஒரே நோயாகப் பார்க்கப் பழகினால் பாதிச் சிக்கல் வராது.

வலி எப்போது வருகிறது?

எங்கே வலிக்கிறது என்பதைவிட எப்போது வலிக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். பாரம் தூக்கியதாலோ, நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்ததாலோ வரும் வலி வேலை செய்யச் செய்யக் கூடும், படுத்தால் குறையும். அழற்சியால் வரும் முதுகுவலி இதற்கு நேர் எதிர். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் தளரும். இரவின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைக்கும், எழுந்து நடந்தால் விடும். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே, இன்ன நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மெல்லத் தொடங்கியிருக்கும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். சிலருக்கு ஒரு வாரம் இடது பிட்டத்திலும் அடுத்த வாரம் வலது பிட்டத்திலும் மாறி மாறி வலிக்கும். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் அழற்சி இருப்பதற்கு அது நல்ல அடையாளம். இந்த மாதிரியான வலி மூன்று மாதம் நீடித்தால் வாத நோய் மருத்துவரை, அதாவது ருமடாலஜிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

இதில் பலரும் தவறிவிடும் ஒன்று உண்டு. முதுகெலும்பு அழற்சி குடலோடு ஒத்துப்போகாது. வயிறு மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும்போதும் முதுகு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கலாம். "குடல் சரியாகிவிட்டது, முதுகும் தானாகச் சரியாகும்" என்று காத்திருந்தால் நாளடைவில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, வளையாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

கை கால் மூட்டுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஐந்துக்கும் குறைவான மூட்டுகள்தான் பாதிக்கப்படும். முழங்கால், கணுக்கால் போன்ற பெரியவை, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். குடல் கிளம்பும்போது சேர்ந்து கிளம்பி, குடல் அடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். இரண்டாவது வகையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகள், முக்கியமாக விரல் மூட்டுகள், இரண்டு கைகளிலும் வலிக்கும். இது குடலைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும். முதல் வகைக்கு முக்கிய வைத்தியம் குடலை அடக்குவது. இரண்டாவது வகைக்கு அது மட்டும் போதாது. மூட்டே அல்லாமல் தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்திலும் அழற்சி வரும். குதிகாலின் பின்புறம் தொட்டாலே வலிப்பதும், ஒரு விரல் முழுவதும் தடித்து வீங்குவதும் அதனால்தான். புதுச் செருப்பு கடித்தது என்று இவற்றை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரக் குறிப்பு

மருத்துவரின் அறையில் "எப்போதும் வலிக்கிறது" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. சந்திப்புக்கு முந்தைய பதினான்கு நாட்கள் தினமும் ஒரு வரி எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய். 3.40க்கு விழிப்பு, இடது பிட்டம். எழுந்து நடந்ததும் 20 நிமிடத்தில் குறைந்தது. காலை விறைப்பு 50 நிமிடம். வலது கணுக்கால் வலி, வீக்கம் இல்லை. மலம் 3 முறை. பாரசிட்டமால் 500 மி.கி. இரண்டு."

விறைப்பைக் கடிகாரம் பார்த்தே எழுதுங்கள். படுக்கையை விட்டு எழும் நேரத்திலிருந்து, குனிந்து செருப்பு மாட்ட முடிகிற நேரம் வரை கணக்கு. வலியும் வீக்கமும் ஒன்றல்ல. குரோன் நோயாளிகளில் வீக்கமில்லாத வெறும் வலி நிறையப் பேருக்கு உண்டு, அதற்கான வைத்தியமும் வேறு. முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் சில்லின் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு கால்களையும் தையல் டேப்பால் சுற்றி அளந்து எழுதுங்கள். வீங்கிய மூட்டு கைபேசியில் படமெடுக்க முடிகிற அளவுக்கு இருந்தால் எடுத்து வையுங்கள். சந்திப்பு நாளன்று வீக்கம் வடிந்திருப்பது வழக்கமாக நடப்பதுதான்.

மாதம் ஒருமுறை சுவர் அளவும் எடுக்கலாம். குதிகால், பிட்டம் இரண்டும் சுவரில் பட நிமிர்ந்து நில்லுங்கள். முகவாயைத் தூக்காமல், பார்வை நேராக இருக்க, பின்னந்தலையைச் சுவரில் தொட முயலுங்கள். தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் இடைவெளியை இன்னொருவர் அளவுகோலால் அளந்து சென்டிமீட்டரில் எழுதட்டும். முகவாயைத் தூக்கிவிட்டால் தலை எளிதாகத் தொட்டுவிடும், அந்த அளவால் பயனில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போனால் வலி குறைவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனைகள் ஏமாற்றும் இடங்கள்

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றால் அழற்சி இல்லை என்று அர்த்தமில்லை. சாக்ரோஇலியாக் மூட்டில் ஏற்படும் சேதம் எக்ஸ்ரேயில் தெரிய வருடங்கள் ஆகும். அழற்சியை ஆரம்பத்திலேயே காட்டுவது எம்ஆர்ஐ. அதையும் கீழ்முதுகுக்கு மட்டும் எடுத்தால் தவறவிட வாய்ப்புண்டு, சாக்ரோஇலியாக் மூட்டுகளுக்கு என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். குடல் நோயோடு வரும் முதுகெலும்பு அழற்சியில் அது இல்லாதவர்கள் ஏராளம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. கூடினால் அது குடலாலா மூட்டாலா என்று அந்த எண் சொல்லாது. மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதம் குடலின் நிலையைக் காட்டும், ஆனால் வலி மாத்திரைகள் அதையும் உயர்த்திக் காட்டக்கூடும். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வலி மாத்திரை

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் இவையெல்லாம் ஒரே குடும்பம். மூட்டுவலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் குடலின் உள்சுவரைக் காக்கும் பொருட்களின் உற்பத்தியையும் குறைத்துவிடும், அதனால் புண் உண்டாகலாம், அடங்கியிருந்த குரோன் கிளம்பலாம். ஊசியாகவோ ஆசனவாய் வழியாகவோ எடுத்தாலும் மருந்து ரத்தத்தில் கலந்து குடலுக்கு வரத்தான் செய்யும். பாரசிட்டமாலோடு டைக்ளோஃபினாக்கோ அசெக்ளோஃபினாக்கோ சேர்ந்த மாத்திரைகள் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது வெறும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்ஸேட் அல்லது அசாத்தியோப்ரின் எடுத்துக்கொண்டிருந்தாலோ உங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி மருந்திலும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஒரு குறிப்பிட்ட மூட்டுக்கு வலிநிவாரண ஜெல் தடவுவது மாத்திரையைவிட மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கும். அதையும் குடல் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செலகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப் போன்றவை குடலை ஓரளவு குறைவாகப் பாதிப்பவை. குடல் அமைதியாக இருக்கும்போது, மருத்துவர் சொல்லி, குறுகிய காலத்துக்கு மட்டும் எடுக்கலாம். அபின் வகை வலி மருந்துகளை நீடித்து எடுத்தால் குடலின் அசைவு மந்தமாகும். குடல் ஓரிடத்தில் குறுகிப்போனவர்களுக்கு அது அடைப்பில் போய் முடியலாம்.

நீண்டகால மருந்துகளில் கேட்க வேண்டியவை

சல்ஃபசலசின் கை கால் மூட்டு வீக்கத்துக்கு உதவும், முதுகுக்கு உதவாது. மெத்தோட்ரெக்ஸேட்டும் அப்படியே. அது வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை வீங்கிய மூட்டை விரைவில் அடக்கும், ஆனால் முதுகெலும்பு அழற்சியில் பெரிதாகப் பயன் தராது, எலும்பையும் அரிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் போனால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கால்சியம், வைட்டமின் டி தேவையும் பற்றிக் கேளுங்கள்.

குடலுக்கும் முதுகுக்கும் ஒருசேரக் கேட்பவை இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பவை. தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். மாத்திரையாக எடுக்கும் உபாடாசிடினிப்பும் இரண்டு நோய்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் இதே வரிசையில் சில பொறிகளும் இருக்கின்றன. எட்டனர்செப்ட் முதுகுக்குக் கேட்கும், குரோனுக்குக் கேட்காது. செக்குகினுமாப் முதுகெலும்பு அழற்சிக்கு நல்ல மருந்து, ஆனால் குரோனை மோசமாக்கக்கூடியது. வெடோலிசுமாப் குடலிலேயே வேலை செய்வது, அதற்கு மாறிய பிறகு மூட்டுவலி தலைகாட்டினால் அது மாற்றத்தின் விளைவாக இருக்கலாம். ஆகவே மூட்டுக்கு யார் புது ஊசி எழுதினாலும், "இது என் குரோனுக்கு ஆகுமா? குடல் மருத்துவரிடம் பேசிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டே போட்டுக்கொள்ளுங்கள்.

சில நேரம் மருந்தே மூட்டுவலிக்குக் காரணமாகும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது உடம்பெல்லாம் வலிக்கலாம். அசாத்தியோப்ரின் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி மாதக்கணக்கில் போன பிறகு இரண்டு பக்க மூட்டுகளும் புதிதாக வலித்தால் லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) போன்ற எதிர்வினையா என்று பார்க்க வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத வலிகள்

காய்ச்சலோடு ஒரு பக்க இடுப்பிலோ கவட்டையிலோ வலி, நொண்டி நடப்பது, மல்லாந்து படுத்துக் காலை நேராக நீட்டினால் வலி கூடுவது, முழங்காலை மடக்கி வைத்தால் மட்டும் இதமாக இருப்பது: இது கீழ்முதுகிலிருந்து தொடைக்குப் போகும் சோயாஸ் தசையில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி அந்தத் தசையை ஒட்டி இருப்பதால் குரோனில் இது வரும், வலது பக்கம் அதிகம். சுளுக்கு என்று எண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒற்றை மூட்டு திடீரென்று சூடாகிச் சிவந்து வீங்கி, அசைக்கவே முடியாமல் போனால் மூட்டுக்குள் கிருமித் தொற்றா என்று அன்றே பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் வராமலும் தொற்று இருக்கலாம். ஸ்டீராய்டு எடுத்தவருக்குச் சின்னப் பொருளைத் தூக்கும்போது நடுமுதுகில் சுரீர் என்று வலித்தால் எலும்பு நொறுங்கியிருக்கலாம். அவருக்கே நடக்கும்போது கவட்டை வலித்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், இதற்கும் எம்ஆர்ஐ தேவைப்படும். விலாவிலிருந்து கவட்டைக்கு அலை அலையாக இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல், சிறுகுடல் குரோனில் அது வழக்கத்தைவிட அதிகம். கால்கள் மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால் அது நேரடியாக அவசரப் பிரிவு. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அதே நாளில் கண் மருத்துவரிடம் போங்கள். முதுகை அரிக்கும் அதே அழற்சி கண்ணுக்குள்ளும் வரும், தாமதித்தால் பார்வையைக் கெடுக்கும்.

அன்றாடம் செய்ய வேண்டியது

முதுகெலும்பு அழற்சிக்கு அசைவும் ஒரு மருந்து. எழுந்தவுடன் குனியாதீர்கள். படுக்கையிலேயே முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்து மெல்ல இடமும் வலமும் பத்துத் தடவை சாயுங்கள். பிறகு மிதமான வெந்நீரில் குளியல். உடற்பயிற்சியைக் குளியலுக்குப் பின் வைத்துக்கொண்டால் உடம்பு இணங்கும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்துத் தடவை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்து, பின் கீழே தொய்யவிடுங்கள், இதுவும் பத்து. மூச்சை ஆழமாக இழுத்து விலா விரிவதைக் கையால் உணர்ந்து விடுங்கள், ஐந்து தடவை. விலாவெலும்புகளின் மூட்டுகளும் இறுகிப்போகக்கூடும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். மாலையில் குப்புறப் படுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் பதினைந்து நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம். கூன் விழாமல் காப்பதில் இது முக்கியமானது. வயிறு வலிக்கும் நாளிலும், ஸ்டோமா பை (அறுவை சிகிச்சையால் வயிற்றில் அமைத்த திறப்பு வழியாக மலம் சேரும் பை) உள்ளவர்களும் இதற்குப் பதிலாகத் தலையணை இல்லாமல் மல்லாந்து, கால்களை நீட்டிப் படுக்கலாம். ஸ்டோமா உள்ளவர்கள் பாரம் தூக்கும் பயிற்சிகளையும் வயிற்றை முறுக்கும் பயிற்சிகளையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டே தொடங்க வேண்டும், பையைச் சுற்றிக் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு.

தூங்கும்போது ஒரே ஒரு மெல்லிய தலையணை போதும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், இரவு முழுவதும் தினமும் வைத்தால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகும். வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று நிமிருங்கள். புகைபிடித்தால் குரோனும் முதுகும் இரண்டுமே மோசமாகும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் பத்து நிமிடம், விறைப்பு மட்டும் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம். வீங்கிய முழங்காலோடு படி ஏறி இறங்கிப் பயிற்சி செய்யாதீர்கள், அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள், பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு வேளை. தொடைத்தசை இளைக்காமல் காக்க இது போதும். பயிற்சிக்குப் பின் வரும் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.