ரத்தத்துல இருந்து பாக்டீரியாவ பிரிக்கிற சிப்பா? இந்த தப்புங்கள மட்டும் பண்ணாதீங்க

லேபிள்-ஃப்ரீ சார்ட்டிங்னா ஆன்டிபாடி, ஃப்ளோரசன்ட் டை எதையும் ஒட்டாம, செல்லோட சைஸ், ஷேப், நெகிழ்வுத்தன்மை, எலக்ட்ரிக்கல் குணம் இதெல்லாம் வச்சே சிப்ல இருக்கிற மைக்ரோ சேனலுக்குள்ள (ரொம்ப சின்ன குழாய்) பிரிக்கிறது. ஸ்பைரல் சேனல், வரிசையா சின்ன தூண் நட்டு செல்ல சைஸ் வாரியா பக்கவாட்டுல தள்ளுற டிஎல்டி, சவுண்ட் அலை, சீரில்லாத எலக்ட்ரிக் ஃபீல்டால செல்ல இழுக்கிற டைஎலக்ட்ரோஃபோரசிஸ்னு நெறைய வகை இருக்கு. செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு எல்லை மீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பாதிக்கிற நிலை) பேஷன்ட் ரத்தத்துல பாக்டீரியாவ தேடுறதுதான் இதுல ரொம்ப கஷ்டமான கேஸ், அதனால அத வச்சே பேசுவோம்.

மொதல்ல, கணக்கு போடாம டிசைன் வரைய உக்காராதீங்க. ஒரு மில்லி ரத்தத்துல சுமார் 500 கோடி சிவப்பணு, 40 லட்சத்துல இருந்து ஒரு கோடிக்கு கொஞ்சம் மேல வரைக்கும் வெள்ளையணு, பாக்டீரியாவோ பல நேரம் பத்து கூட தேறாது. உங்க சிப் 99.9% சிவப்பணுவ தூக்கிடுச்சுன்னு வைங்க, கேக்க சூப்பரா இருக்கும், ஆனா மிச்சம் 50 லட்சம் சிவப்பணு அந்த பத்து பாக்டீரியாவோட சேர்ந்து வெளிய வருது, அடுத்து பாக்டீரியா டிஎன்ஏவ பெருக்கி கண்டுபிடிக்கிற பிசிஆர் டெஸ்ட் போட்டா ஹீமோகுளோபினே அத கெடுத்துடும். அதனால ரெக்கவரி நம்பர் (கலந்த பாக்டீரியால எத்தனை சதவீதம் திரும்ப கெடச்சதுன்னு) மட்டும் சொல்றவங்கள நான் அப்படியே நம்புறதில்ல. டெஸ்டுக்கு ரத்தத்துல எவ்ளோ பாக்டீரியா ஸ்பைக் பண்ணாங்கன்னும் (கலந்தாங்கன்னும்) பாக்கணும், மில்லிக்கு லட்சம் பாக்டீரியா கலந்து எடுத்த 95%க்கும் பத்து கலந்து எடுத்ததுக்கும் சம்பந்தமே இல்ல.

சேம்பிள் அளவும் அதே கதைதான். மில்லிக்கு ஒரு பாக்டீரியா இருக்கிற ரத்தத்துல ஒரு மில்லி எடுத்தா, அதுல ஒண்ணு கூட இல்லாம போக 37% வாய்ப்பு இருக்கு, சிப் என்ன பண்ணும் பாவம். பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்த பாட்டில்ல வச்சு பாக்டீரியா வளருதான்னு பாக்கிற டெஸ்ட்) ஒரு பாட்டிலுக்கு 8–10 மில்லி எடுக்கிறது சும்மா இல்ல. சரி 10 மில்லி ஓட்டலாம்னு பாத்தா, நிமிஷத்துக்கு 10 மைக்ரோலிட்டர் போற சிப்ல 1000 நிமிஷம், அதாவது 16 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள பல கேஸ்ல கல்ச்சர் பாட்டிலே பாசிட்டிவ் காட்டிடும். ரத்தத்த 20 மடங்கு டைல்யூட் பண்ற டிசைன்னா அந்த 10 மில்லி 200 மில்லி ஆகுது, இத பல பேர் வசதியா மறந்துடுறாங்க.

அடுத்தது பீட்ஸ் மோகம். செல்லுக்கு பதிலா பாலிஸ்டைரீன் பீட்ஸ் (சின்ன பிளாஸ்டிக் உருண்டை) வச்சு டெஸ்ட் பண்றது தப்பில்ல, அதோட நிறுத்திக்கிறதுதான் தப்பு. பீட்ஸ் உருண்டை, நசுங்காது, செல் அப்படி இல்ல. டிஎல்டில தூணுக்கு நடுவுல கேப் 10 மைக்ரான், வரிசைக்கு வரிசை நகர்வு தூண் மையங்களுக்கு நடுவுல உள்ள தூரத்துல 0.1 பங்குனா, டேவிஸ் ஃபார்முலாப்படி கிரிட்டிகல் சைஸ் (இதுக்கு மேல இருக்கிற துகள் பக்கவாட்டுல நகரும்) சுமார் 4.6 மைக்ரான் வரும். சிவப்பணு 8 மைக்ரான் அகலம்தானே, கண்டிப்பா பக்கவாட்டுல நகர்ந்துடும்னு நெனச்சு ஓட்டினா, 2 மைக்ரான் கனத்துல தட்டையா இருக்கிற அது திரும்பி வளைஞ்சு சின்ன துகள் மாதிரி நடுவுல நழுவி போயிடும். ஃப்ளோ ரேட்ட ஏத்தினா இன்னும் நசுங்கி வேற மாதிரி நடந்துக்கும். பீட்ஸ்ல இது எதுவுமே தெரியாது.

ஸ்பைரல் சேனல்ல வேற தப்பு. வேகமா ஓடுற திரவம் துகள குறுக்க தள்ளுற இனர்ஷியல் லிஃப்ட் ஃபோர்ஸ் பொதுவா சைஸோட நாலாம் அடுக்குல மாறும்னு எடுத்துக்கிறாங்க, அப்போ 10 மைக்ரான் செல் மேல விழுற விசையில 10,000ல ஒரு பங்குதான் 1 மைக்ரான் பாக்டீரியா மேல விழும். துகள் சைஸ் சேனல் அளவுல 0.07 பங்காவது இருக்கணும்ங்கிற விதிய வச்சு பாத்தா, பாக்டீரியாவ ஃபோகஸ் பண்ண (ஒரே கோட்டுல வரிசையா கொண்டு வர) 14 மைக்ரான் சேனல் வேணும், அந்த சேனல்ல முழு ரத்தத்த ஓட்டி அடைக்காம பாத்துக்கோங்க பாப்போம். அதனால பல டிசைன்ல ரத்த செல்ல ஒரு பக்கம் ஃபோகஸ் பண்ணி, பாக்டீரியாவ தண்ணியோட தண்ணியா விட்டுடுவாங்க. அப்போ எந்த அவுட்லெட்டுக்கு எத்தனை சதவீதம் ஃப்ளோ போகுதோ கிட்டத்தட்ட அத்தனை சதவீதம் பாக்டீரியாதான் அங்க போகும், இத சார்ட்டிங் ஆகுதுன்னு நெனச்சு குழம்பிக்காதீங்க.

டைஎலக்ட்ரோஃபோரசிஸ்க்கு திரவத்தோட கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்துற தன்மை) குறைக்கணுமேன்னு வெறும் தண்ணி ஊத்தாதீங்க, சிவப்பணு வெடிச்சு ஹீமோகுளோபின் எல்லாம் வெளிய வந்துடும், சுக்ரோஸ் போட்டு ஆஸ்மோலாலிட்டிய (கரைஞ்ச பொருளோட அடர்த்தி) ரத்தத்துல இருக்கிற மாதிரி 300 மில்லிஆஸ்மோல்/கிலோ பக்கத்துல வச்சுக்கணும்.

சிப் செய்ய நெறைய பேர் எடுக்கிற பிடிஎம்எஸ் ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கிற சிலிக்கோன் மெட்டீரியல், பிரஷர்ல சேனல் உப்பும், டிராயிங்ல இருக்கிற உயரம் ஓடும்போது இருக்காது. கூடவே சிரிஞ்ச் பம்ப படுக்க வச்சுட்டு போயிடுவாங்க, அரை மணி நேரத்துல செல்லெல்லாம் அடியில படிஞ்சுடும், மொத நிமிஷம் எடுத்த ரிசல்ட்டும் கடைசி நிமிஷம் எடுத்ததும் ஒத்துப்போகாது, எல்லாரும் சிப்ப திட்டுவாங்க. சிரிஞ்சுக்குள்ள ஒரு சின்ன மேக்னட் போட்டு வெளிய இருந்து மெதுவா கலக்கி விட்டா பாதி பிரச்சனை தீந்துடும்.

கடைசியா, லேப்ல வளர்த்த ஈ. கோலைய ஆரோக்கியமான ஆளோட ரத்தத்துல கலந்து பாத்துட்டு பேஷன்ட்டுக்கு ரெடின்னு சொல்லாதீங்க. நிஜ பேஷன்ட் ஏற்கனவே ஆன்டிபயாட்டிக் எடுத்திருப்பாரு, கொஞ்ச பாக்டீரியாவ நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணு முழுங்கி வச்சிருக்கும், அது வெள்ளையணுவோட சேர்ந்து வேஸ்ட் அவுட்லெட்டுக்கு போயிடும். அப்புறம் பத்து பாக்டீரியாவ தேடுற எடத்துல ட்யூப், பஃபர், தோல்னு எங்க இருந்து வேணா வெளி பாக்டீரியா வரலாம், அதனால வெறும் பஃபர மட்டும் அதே சிப்ல முழுசா ஓட்டி பிசிஆர் வரைக்கும் கொண்டு போற பிளாங்க் ரன் ஒவ்வொரு பேட்ச்லயும் வேணும், அது இல்லாத பாசிட்டிவ நான் எண்ணிக்கையிலயே சேக்க மாட்டேன்.