காபிக்கொட்டை அரைக்க எந்த கிரைண்டர்?
பட்ஜெட் கம்மி என்றால் பிளேடு சுற்றும் கிரைண்டரை விட்டுவிட்டு, கையால் சுற்றும் பர் கிரைண்டரைப் (பல் வைத்த இரண்டு பாகங்களுக்கு நடுவே கொட்டையை அரைக்கும் வகை) பாருங்கள். பிளேடு கொட்டையைக் கண்டபடி வெட்டும்; பாதி மாவு, பாதி குருணை, அந்த மாவு போய் ஃபில்டர் ஓட்டையை அடைத்துக்கொண்டால் காலையில் டிகாக்ஷன் சொட்டுகூட இறங்காது (தட்டித் தட்டி எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம்). பர் நசுக்கி அரைப்பதால் தூள் ஏறக்குறைய ஒரே சீராக வரும். வாங்கும்போது பதத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கிறதா, நடுத்தண்டு ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஃபில்டருக்குத் தூள் உப்புப் பதம் சரி, அதில் ஆரம்பித்து, டிகாக்ஷன் மடமடவென இறங்கித் தண்ணியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நைசாக்குங்கள். சிக்கரி சேர்ப்பவர்கள் அதை அரைத்த பிறகு கலந்தால் போதும். அதுவரை மிக்ஸிதான் கதி என்றால் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள், சூடேறக் கூடாது.