ஊர் வரலாறு எழுத ஞானஸ்நானப் பதிவேட்டைப் படிக்கும் முறை

கொடைக்கானலுக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சின்ன ஊருக்குக் கல்வெட்டு கிடையாது. கத்தோலிக்கக் கோவில் பீரோவில், யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேடுதான் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருந்தால் சொந்தத் தாத்தா பெயரை மட்டும் தேடிவிட்டு மூடிவிடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். ஊர் அப்போதுதான் தெரியும்.

முதலில் பங்குச்சாமியாரிடம் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று கடிதம் கொடுங்கள். திருவிழா நேரத்தில் போக வேண்டாம். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டாதீர்கள். குறிப்பெடுக்கப் பென்சில் போதும். உங்கள் ஊர் வேறொரு பங்குக்குக் கிளை ஊர் என்றால் பழைய பதிவுகளை அந்தத் தாய்ப்பங்கில் கேளுங்கள். கொடைக்கானல் சலேத் மாதா கோவிலே 1866இல்தான் வந்தது. மதுரை மறைமாவட்டம் 1938இல் திருச்சியிலிருந்து பிரிந்தது என்பதால் அதற்கு முந்தைய கடிதங்களுக்குத் திருச்சியிலும் விசாரியுங்கள்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் சூசை என்றவர் அங்கே யோசேப்புஸ். ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ். இதைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் தேதிகள். பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே நாளில் ஏழெட்டுக் குழந்தைகள் வரிசையாக வந்தால் அன்று சாமியார் மலையேறி வந்திருக்கிறார் என்று பொருள். நடுவில் தனியாக, 'இன் பெரிகுலோ மோர்த்திஸ்' என்ற குறிப்போடு ஒரு பதிவு இருந்தால், சாகக் கிடந்த குழந்தைக்கு அவசரமாகக் கொடுத்தது. கொடுத்தவர் ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாராக இருக்கலாம், பிரசவம் பார்த்த அம்மாவாகவும் இருக்கலாம். அந்தப் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். இத்தகைய பெண்கள் பெயர் வேறெந்த ஏட்டிலும் அகப்படுவது அரிது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயர்கள்தான். எங்கள் பதிவேட்டில் ஒரே ஞானத்தாய் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார், வேறு வேறு குடும்பங்களின் குழந்தைகளுக்கு. அந்தக் குடும்பங்களின் பூர்வீகம் என்ற இடத்தில் அடிவாரத்து ஊர் ஒன்றே திரும்பத் திரும்ப இருக்கிறது. தோட்ட வேலைக்கு அவர்கள் உற்றார் உறவோடு சேர்ந்து மலையேறியவர்கள் என்று நான் நம்புவதற்கு அதுதான் காரணம். ஊர் வாரியாக, ஞானத்தாய் வாரியாகத் தனித்தனிப் பட்டியல் போடுங்கள்.

ஓரக்குறிப்பையும் விடாதீர்கள். 1908 முதல் திருமணத்தையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நம் ஊர்ப் பெண்கள் எந்தெந்தப் பங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதை அதை வைத்தே பின்தொடரலாம்.

அப்பா பெயர் இல்லாத பதிவுகளும் கண்ணில் படும். உயிரோடு இருப்பவர்கள், அவர்கள் பெற்றோர் பற்றிய அத்தகைய விவரங்களைப் படியெடுக்காதீர்கள், கேட்டாலும் சொல்லாதீர்கள்.