வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு தையல் இடத்தில் குடல் இறங்காமல் இருக்க

பத்துப் பன்னிரண்டு நாளில் தோல் தையலைப் பிரித்துவிடுவார்கள். "அதான் பிரிச்சாச்சே" என்று கடலூர் முதுநகரில் மீன் கூடையையும் வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் தூக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். வயிற்றைத் தாங்குவது தோல் அல்ல, அதற்கு அடியில் தசைகளை இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளைச் சவ்வு. அது பழைய பலத்தில் பாதியை எட்டவே ஆறு வாரம் போல ஆகும். முழுப் பலம் திரும்புவதே இல்லை. சவ்வு விட்டுப்போன இடத்தில் குடல் தோலுக்கு அடியில் பிதுங்கி வருவதுதான் தழும்புக் குடலிறக்கம். நடுவயிற்றில் மேலிருந்து கீழாகக் கீறினால் நூறில் பத்து முதல் இருபது பேருக்கு வரலாம். சிசேரியனின் குறுக்குக் கீறலில் அவ்வளவு வராது.

படி 1: தேதி குறித்த ஆபரேஷன் என்றால்

பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். இருமலையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். உடல் பருமனாக இருந்தால் முடிந்த அளவு எடையைக் குறையுங்கள்.

உள்தையல் எப்படிப் போடுவார்கள் என்று சர்ஜனிடம் கேட்பதில் தப்பில்லை. சவ்வின் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர், தையலுக்குத் தையல் 5 மில்லிமீட்டர் என நெருக்கித் தைத்தவர்களில் ஓராண்டில் 13 சதவீதம் பேருக்கும், ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தைத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும் குடலிறக்கம் வந்ததாக 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது. அகலமாகக் குத்தினால் கொழுப்பும் தசையும் நூலில் மாட்டி நசுங்கும். பிறகு நூல் தளர்ந்து இடைவெளி விழும்.

படி 2: எழுவதும் இருமுவதும்

மல்லாந்து படுத்தபடி நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடியுங்கள். டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பியுங்கள். படுத்தே கிடந்தால் சளி கட்டி இருமல்தான் கூடும்.

படி 3: புண்

சீழ் பிடித்த தையலில்தான் உள்சவ்வு அதிகம் விட்டுப்போகிறது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம். ஐப்பசி மழையில் துணி காயாது, ஈரத்துணியை வயிற்றில் சுற்றாதீர்கள். ஐந்து முதல் பத்து நாளுக்குள் தையலிலிருந்து இளஞ்சிவப்பு நீர் திடீரென்று கொட்டினால் உள்தையல் பிரிந்திருக்கக்கூடும். சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம், சலைனில் நனைத்த துணியை மேலே போடுங்கள்.

படி 4: பத்தியம்

நம் ஊரில் அதிகம் கெடுப்பது இதுதான். "பருப்பு தின்னா சீழ் வைக்கும், மீன் ஆகாது" என்று வெறும் ரசம் சோற்றோடு நிறுத்திவிடுவார்கள். சவ்வு ஒட்டப் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம். இரண்டு முட்டை, 150 கிராம் மீன், இரண்டு கிண்ணம் பருப்பு, இரண்டு டம்ளர் பால், இதிலேயே 70 கிராம் வந்துவிடும். சாப்பிட அனுமதி கிடைத்த பிறகு சங்கராவும் மத்தியும் தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: மலச்சிக்கல்

முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும். எழுதிக் கொடுக்கும்போதே இளக்கும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

படி 6: எடை

ஆறு வாரம்வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது பொதுவான அறிவுரை. உங்கள் சர்ஜன் வேறு கணக்குச் சொன்னால் அதையே கேளுங்கள். நிறைகுடம் சுமார் 15 கிலோ, நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வரும். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றே பத்து கிலோவைத் தாண்டலாம். வீராம்பட்டினத்தில் வலை இழுப்பவர்கள் தொழிலுக்குத் திரும்பும் நாளை டாக்டரிடம் தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். இடுப்பு பெல்ட் வலியைக் குறைக்கும், நடக்கத் தெம்பு தரும். குடலிறக்கத்தைத் தடுக்கும் என்று உறுதியான ஆதாரம் இல்லை. பெல்ட் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் சிலிண்டரைத் தூக்காதீர்கள்.

படி 7: தழும்பைத் தடவிப் பாருங்கள்

தையல் நன்றாக ஆறியபின் மாதம் ஒருமுறை மல்லாந்து படுத்து, தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தழும்பின் நீளத்துக்கும் விரலால் தடவுங்கள். மெத்தென்று பிதுங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். குடலிறக்கம் இரண்டு, மூன்று வருடம் கழித்தும் வரும். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியோடு வாந்தி வந்தால் அல்லது காற்றுகூடப் பிரியாவிட்டால் குடல் சிக்கியிருக்கலாம். காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை என அருகில் அறுவை வசதி உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.